வில்லன் இல்லாத கதை: எண்ணெய் வேலையும் தமிழ்ப் புனைவும்

1

தமிழ் வெகுஜன சினிமாவில் கதாநாயகன் எண்ணெய் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற படம் எது என்று கேட்டால், எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது ஒன்றுதான். 2013இல் வந்த 'மரியான்'. பரத் பாலா இயக்கம், தனுஷ் நடிப்பு, ஏ.ஆர். ரஹ்மான் இசை. குமரிக் கடற்கரையின் மீனவன் ஒருவன், தான் நேசிக்கும் பெண்ணின் வீட்டுக் கடனை அடைக்க, இரண்டு வருட ஒப்பந்தத்தில் சூடானுக்குப் போகிறான். ஊர் திரும்பவேண்டிய நேரத்தில் ஆயுதக் கும்பல் அவனைக் கடத்துகிறது. 2008இல் சூடானில் இந்திய எண்ணெய்த் தொழிலாளர்கள் உண்மையிலேயே கடத்தப்பட்டார்கள். படம் அப்படியொரு செய்தியிலிருந்து எழுந்தது.

கடலும் பாலைவனமும் அதில் அழகாக வந்திருக்கின்றன. தனுஷும் பார்வதியும் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வருட வேலை, படத்தின் இரண்டு பாதிகளை இணைக்கிற பாலமாக வந்து போய்விடுகிறது. அவன் என்ன கூலி வாங்கினான், யாரோடு ஒரே அறையில் படுத்தான், கடத்தலே நடக்காமல் கம்பெனிக்காரன் பாதியில் "வேலை இல்லை, கிளம்பு" என்று சொல்லியிருந்தால் அந்தக் கடன் என்னவாகியிருக்கும்? இந்தக் கேள்விகள் படத்துக்குத் தேவைப்படவில்லை.

எனக்குத் தேவைப்படுகின்றன. நான் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் எண்ணெய் வேலைக்குப் போனவர்கள் யாரும் கடத்தப்படவில்லை. போனார்கள், சம்பாதித்தார்கள், வேலை போய்த் திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். கடத்தப்பட்டவனுக்குத் தமிழில் ஒரு கதை இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு ஏன் இல்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் மாவட்டம் என்றால் பலருக்கு வீரராகவர் கோயிலோ பூண்டி ஏரியோ ஞாபகம் வரும். அதன் கிழக்குப் பக்கம் வேறு மாதிரி. மணலியில் 1969இலிருந்து சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது அது. அன்று பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். அங்கிருந்து வடக்கே போனால் எண்ணூர், மீஞ்சூர், காட்டுப்பள்ளி. காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி யார்டில், நடுக்கடலில் நிற்கும் எண்ணெய்த் தளங்களைத் துண்டு துண்டாகச் செய்து பார்ஜில் ஏற்றி அனுப்புகிறார்கள். இன்னும் வடக்கே போனால், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட்: இரும்பு உருக்கும் உலைகள், ரோலிங் மில்கள், ஃபேப்ரிகேஷன் ஷாப்புகள்.

ஆக எங்கள் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு கிடையாது. எண்ணெய்க்கு வேண்டிய கைகள் உண்டு. சிப்காட் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்து, ராடு பிடிக்கப் பழகி, வெல்டராகி, மெட்ராஸில் ட்ரேடு டெஸ்ட் பாஸ் பண்ணி, வளைகுடாவுக்கு விமானம் ஏறுவது ஒரு வழி. இங்கேயே ரிஃபைனரி ஷட்டவுன் வேலைகளைப் பிடித்து ஓட்டுவது இன்னொரு வழி.

இதில் 'சிக்ஸ் ஜி' என்று ஒரு டெஸ்ட் உண்டு. பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். பைப் சுழலாது, வெல்டர்தான் அதைச் சுற்றி, குனிந்து, படுத்து, தலைக்கு மேல் கை தூக்கி, ரூட், ஃபில்லிங், கேப்பிங் என்று அடுக்கடுக்காகப் போட்டு முடிக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்ரே. ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ்கள் இருந்தாலும் படத்தில் தெரியும். அளவு தாண்டினால் ரிப்பேர். எந்த வெல்டருக்கு எத்தனை ரிப்பேர் என்று கம்பெனியில் கணக்கு வைத்திருப்பார்கள். ஒரு மனிதனின் வேலைத்தரத்தை இவ்வளவு துல்லியமாக அளக்கும் தொழில்கள் குறைவு. என் தொழிலில் அப்படியெல்லாம் கிடையாது. நான் எழுதும் கோடுக்கு எக்ஸ்ரே எடுத்தால் பாதி டீம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்பா சிக்ஸ் ஜி வெல்டர். அவருடைய ரிப்பேர் கணக்கு நன்றாகவே இருந்தது என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். ஆனாலும் அவர் நான்கு முறை வேலை போய்த் திரும்பி வந்தார்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டுகளில் இருந்த முத்திரைத் தேதிகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி, பக்கத்திலேயே கச்சா எண்ணெய் விலையையும் போட்டேன். பொறியியல் படித்தவன் வேறு எப்படி துக்கப்படுவான்!

1973-74இல் பேரல் 3 டாலர் சுமாரிலிருந்து 12 டாலர் வரை ஏறியது. 1980 வாக்கில் 35 டாலரையும் தாண்டியது. வளைகுடாவில் நகரங்கள் முளைத்தன. அப்பா 1982இல் முதல் முறை போனார். 1985 கடைசியில் 30 டாலரை ஒட்டி இருந்த விலை, 1986 நடுவில் 10 டாலரைத் தொட்டது. அப்பா 1986 தீபாவளிக்கு வீட்டில் இருந்தார். 1989இல் குவைத்துக்குப் போனார். 1990 ஆகஸ்டில் ஈராக் படையெடுத்தது. குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது என்பது ஈராக்கின் வெளிப்படையான புகார்களில் ஒன்று. அந்தப் போரில் அம்மான் வழியாக ஏர் இந்தியா அழைத்து வந்த ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர்களில் அப்பாவும் ஒருவர். மூன்றாவது பயணம் 1998இல் முடிந்தது. அந்த வருடக் கடைசியில் விலை 10 டாலர் பக்கம் கிடந்தது. நான்காவது 2009 தொடக்கத்தில். அதற்கு முந்தைய ஜூலையில் 147 டாலர் வரை போன விலை, டிசம்பருக்குள் 40க்குக் கீழே விழுந்திருந்தது.

பெரியப்பா மகன் 2012இல் போனான். 2014 ஜூனில் 115 டாலராக இருந்த பேரல், 2016 ஜனவரியில் 30க்கும் கீழே வந்தது. அந்த ஆண்டு சவூதியில் அரசுப் பணம் வற்றி, கட்டுமான கம்பெனிகள் சம்பளம் தராமல் விட்டதில், ஆயிரக்கணக்கான இந்தியர்கள் முகாம்களில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் நின்றார்கள். அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அதைப் பொதுவில் சொன்னது பலருக்கு நினைவிருக்கலாம். அண்ணன் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டிருந்தான். 2018இல் மறுபடி போனான். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. விற்கிறவன் காசும் கொடுத்து எண்ணெயையும் கொடுத்த நாள். அண்ணன் அந்த வருடம் செப்டம்பரில் திரும்பி வந்தான்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இரண்டு கோடுகளும், போரை விட்டுவிட்டால், ஒரு வருடத்துக்குள்ளான இடைவெளியில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஆனால் எங்கள் வீட்டில் இதற்கு வேறு விளக்கங்கள் இருந்தன.

ஆயா சொல்லும்: "அவனுக்கு எங்கயும் நெலைக்காதுடா. ஜாதகம் அப்பிடி." மாமா சொல்வார்: "ஃபோர்மேன்கிட்ட வாய் குடுத்திருப்பாரு." பக்கத்து வீட்டில் குடி என்று பேசிக்கொண்டார்கள். அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: "வேல முடிஞ்சிச்சு, அனுப்பிட்டான்." அது உண்மை. ஆனால் அதைக் கேட்டு யாரும் சமாதானம் ஆகவில்லை, ஏனென்றால் அது கதையாக இல்லை. யார் அனுப்பினான், ஏன் அனுப்பினான், இவர் என்ன செய்தார் என்று எதுவுமே அதில் கிடையாது. கதை இல்லாத இடத்தில் ஊர் தானே ஒரு கதையைப் போட்டு நிரப்பிவிடும். நிரப்புவதற்கு அதனிடம் இருப்பதெல்லாம் குணம், குடி, ஜாதகம்.

என் துறையோடு ஒப்பிட்டால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2008இல் ஐ.டி.யில் வேலை போனபோது 'ரிசஷன்' என்ற சொல் எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது. மாமியார்களுக்குக்கூட லேமன் பிரதர்ஸ் தெரிந்திருந்தது. 2023இல் என் நண்பர்களுக்கு லே-ஆஃப் மெயில் வந்தபோதும், "மார்க்கெட் டவுன்" என்று சொன்னால் கேட்டவர் தலையாட்டினார். வேலை இழந்த சாஃப்ட்வேர்காரனுக்குப் பொருளாதாரம் துணைக்கு நிற்கிறது. வேலை இழந்த வெல்டருக்கு அவன் குணம்தான் காரணமாகிறது. இருவரையும் தள்ளிவிட்டது ஒரே மாதிரியான அலைதான். ஒருவனுக்கு மட்டும் அந்த அலையின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு.

இந்த உரிமையை எல்லோருக்கும் பங்கிடுவது இலக்கியத்தின் வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். தமிழ் இலக்கியம் இதைச் செய்யவே இல்லையா? செய்திருக்கிறது, ஒரு காலத்தில்.

4

தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்து நெசவாளர்களின் நூல் நெருக்கடிதான் அதன் களம். இன்று படிக்கும்போது அதன் பிரச்சாரத் தொனி சில இடங்களில் உறுத்தலாம். ஆனால் ஒரு பெரிய காரியத்தை அது செய்கிறது. நூல் விலையையும் சந்தை மந்தத்தையும் நெசவாளியின் அடுப்படிக்குள் கொண்டுவருகிறது. ஒரு குடும்பம் சிதைவதற்குக் காரணம் அந்தக் குடும்பத்துக்குள் மட்டும் இல்லை என்று வாசகனுக்குத் தெரிகிறது. என் ஆயாவிடம் இல்லாத விளக்கம் அந்த நாவலில் இருக்கிறது.

அதற்குப் பின் வந்த உழைப்பு நாவல்கள் பெரும்பாலும் வேறொரு வடிவத்துக்கு நகர்ந்தன. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத்தை நேரில் போய்ப் பார்த்து எழுதப்பட்டது. டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் பதனிடும் சாலைகளின் கதை. இரண்டையும் மதிக்கிறேன். இந்த மரபுக்கு ஒரு வலுவான எலும்புக்கூடு உண்டு: ஓர் இடம், ஒரு முதலாளி, அவனுடைய கணக்குப்பிள்ளை அல்லது கங்காணி, ஒரு சங்கம், ஒரு போராட்டம். வாசகனுக்கு யாரை வெறுப்பது என்று தெரியும், யாரோடு நிற்பது என்றும் தெரியும். உப்பளத்துக்கும் தோல் ஷாப்புக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அங்கே சுரண்டலுக்கு முகம் இருந்தது.

வெல்டரின் கதையை இந்தக் கூட்டுக்குள் வைத்தால் நிற்காது. இடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். முதலாளியைப் பார்த்ததே இல்லை. மேலே சப் கான்ட்ராக்டர், அதற்கு மேல் கான்ட்ராக்டர், அதற்கும் மேல் யாரோ. சங்கம் வைத்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவான். எல்லாவற்றுக்கும் மேல், அவனை வேலையை விட்டு அனுப்புகிற ஃபோர்மேனும் அடுத்த மாதம் அனுப்பப்படுகிறான். வில்லன் யார்?

வில்லன் கிடைக்காத இடத்தில் நம் புனைவு ஒரு வில்லனைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. 'மரியா'னில் அது ஆயுதக் கும்பல். மலையாளத்திலிருந்து தமிழுக்கும் வந்து பரவலாக வாசிக்கப்பட்ட பென்யாமினின் 'ஆடு ஜீவித'த்தில் அது அர்பாப். அதன் நஜீப் ரியாத் விமான நிலையத்திலேயே தவறான ஆளோடு போய், ஆட்டுப்பண்ணையில் அடிமையாகிறான். அந்த நாவலின் வலிமையை நான் மறுக்கவில்லை. 2024இல் படமாக வந்தபோது எங்கள் தெருவிலும் அழுதார்கள். ஆனால் அது விபத்தின் கதை. ஒழுங்காக டெஸ்ட் பாஸ் பண்ணி, சரியான கம்பெனிக்குப் போய், சரியான சம்பளம் வாங்கி, விலை விழுந்ததும் திரும்பி வந்தவனைப் பற்றி அது எதுவும் சொல்வதற்கில்லை. அந்தப் படம் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு அக்கா என் அண்ணனிடம் கேட்டார்: "உனுக்கு அப்பிடிலாம் ஒண்ணும் நடக்கலயேப்பா, அப்புறம் ஏன் வந்துட்ட?"

இந்தக் கேள்வியை விடக் கச்சிதமான விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது. வளைகுடா என்றால் கொடுமை அல்லது செல்வம், இரண்டில் ஒன்று என்று கதைகள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. மந்தம் என்ற மூன்றாவது விஷயத்துக்கு இடமே இல்லை.

5

இது தமிழின் குறை மட்டும் இல்லை. அமிதாவ் கோஷ் 1992இல் 'பெட்ரோஃபிக்‌ஷன்' என்ற கட்டுரையை எழுதினார். அப்தெல்ரஹ்மான் முனீஃபின் 'உப்பு நகரங்கள்' நாவல் வரிசையைப் பற்றிய மதிப்புரை அது. மிளகு வணிகம் இலக்கியத்தைத் தந்தது, எண்ணெய் ஏன் தரவில்லை என்று அதில் கேட்கிறார். நாவல் என்பது ஓர் இடத்திலும் ஒரு மொழியிலும் வேர்விட்டு வளரும் வடிவம். எண்ணெயின் உலகமோ பல மொழிகள் பேசும், எந்த ஊரும் சொந்தமில்லாத உலகம். அதனால் நாவலுக்கு அது பிடிபடவில்லை என்பது அவருடைய பதில்களில் முக்கியமானது.

பாதி ஒத்துக்கொள்கிறேன். இடம் பிரச்சினைதான். ஆனால் அதைவிடப் பெரிய பிரச்சினை காலம் என்று எனக்குத் தோன்றுகிறது. முனீஃப் எண்ணெய்ப் பொருளாதாரம் படித்தவர், அந்தத் துறையிலேயே வேலை பார்த்தவர். அவருடைய முதல் பாகம் 1984இல் வந்தது. எண்ணெய் முதன்முதலாக வருவதை அது எழுதுகிறது: பாலைவனச் சோலை அழிவது, அமெரிக்கர்கள் துறைமுகம் கட்டுவது, கடைசியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வது. அதாவது, முன்பு ஒன்று இருந்தது, பின்பு வேறொன்று வந்தது என்கிற நேர்கோடு. இழப்பை எழுத இந்தக் கோடு போதும்.

எங்கள் வீட்டில் நடந்தது நேர்கோடு இல்லை. 1986, 1998, 2009, 2016, 2020. ஒவ்வொரு முறையும் "இதோட முடிஞ்சிச்சு" என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு முறையும் விலை ஏறியதும் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தான். ஏற்றத்தில் மாடி எழும்பியது, இறக்கத்தில் பூச்சு வேலை நின்றது. எங்கள் பக்கத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டை மாடிகளைப் பார்த்தே எந்த வீட்டில் யார் எப்போது திரும்பி வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். இதில் யாரும் முழுக்க அழிவதும் இல்லை, கரையேறுவதும் இல்லை. இப்படித் திரும்பித் திரும்பி வருகிற காலத்துக்கு உச்சக்காட்சி எங்கே வைப்பது? சிறுகதைக்கு இது நீளம். சினிமாவுக்கு இது சலிப்பு.

ஆனால் நாவலுக்கு முடியும். சாட்சி தமிழிலேயே இருக்கிறது. ஜோ டி குரூஸின் 'கொற்கை' 1914இலிருந்து 2000 வரை தூத்துக்குடியை எழுதுகிறது. முத்தும் தோணியும் கப்பலும் தலையெடுக்கின்றன, தேய்கின்றன. குடும்பங்கள் கூடவே எழுந்து கூடவே விழுகின்றன. ஒரு வில்லனை வைத்து அந்த நாவலைச் சுருக்கிச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து குழப்புகின்றன என்று பலர் குறை சொல்வார்கள். எனக்கும் முதல் வாசிப்பில் மூச்சு முட்டியது. இப்போது அந்த நெரிசல்தான் அதன் நேர்மை என்று படுகிறது. ஒரு தொழில் எழும்போதும் விழும்போதும் அதில் தனி மனிதர்கள் இல்லை, தலைமுறைகள் இருக்கின்றன. கப்பல் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் அந்த நாவலை எழுதினார் என்பது தற்செயல் இல்லை. அதே ஜோ டி குரூஸ் 'மரியா'னின் வசனத்திலும் பங்களித்தவர். ஒரே எழுத்தாளருக்கு நாவல் என்ன இடம் கொடுத்தது, சினிமா என்ன இடம் கொடுத்தது என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

6

எழுதப்படாமல் போனதால் என்ன நஷ்டம்? அப்பா காலமாகிவிட்டார். ஆயாவும் இல்லை. பழைய கணக்கு என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம் இன்றைய கும்மிடிப்பூண்டி.

சிப்காட் பக்கம் இப்போது போனால் உலைகளிலும் ரோலிங் மில்களிலும் பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் இளைஞர்கள். தகரக் கூரை அறைகளில் ஏழெட்டுப் பேர். கதவருகில் வரிசையாகச் செருப்புகள், கயிற்றில் வேலைச் சட்டைகள், ஞாயிறு மாலை போனில் முகம் பார்த்துப் பேசும் குரல்கள். அப்பா தம்மாமிலிருந்து அனுப்பிய போட்டோக்களில் இருந்த அறை இதுதான். சுவரில் இருந்த காலண்டர் மட்டும்தான் வேறு. கும்மிடிப்பூண்டி இன்று வேறொருவரின் வளைகுடா. கம்பி விலை இறங்கி உலையை நிறுத்தினால் அவர்கள் ரயிலேறுவார்கள். சமஸ்திபூரில் ஓர் ஆயா அவனுக்கு ஜாதகம் சரியில்லை என்று சொல்லும்.

நாம் அவர்களை எப்படிப் பார்க்கிறோம்? 'வடக்கன்' என்ற ஒரே சொல்லால். எங்கள் தெருவில் அதிகமாக அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள், பத்து வருடம் வளைகுடாவில் இதே மாதிரி அறையில் படுத்துவிட்டு வந்தவர்கள். அந்த அறை தமிழில் ஒரு நாவலாகவோ படமாகவோ ஏற்கனவே இருந்திருந்தால், சிப்காட் அறையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்திருக்கும். அதற்காகக் கதவைத் திறந்து கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பார்கள் என்று சொல்லவில்லை. ஒரு சொல் சற்றுத் தயங்கியிருக்கும். இலக்கியத்தால் இதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இவ்வளவாவது எதிர்பார்க்கலாம்.

எண்ணெய் எங்களைத் தேடி வந்தும் இருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்து கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்தது. இரண்டு முறையும் அதை வாளியிலும் கையிலும் அள்ளியவர்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். அந்தப் படங்கள் நாடெங்கும் செய்தியாயின. விபத்துக்கு நம்மிடம் எப்போதும் படம் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் தினமும் நடக்கிற வேலைக்குத்தான் இல்லை.

இந்த நாவலை நான் எழுதப்போவதில்லை. எனக்கு ராடு பிடிக்கத் தெரியாது, ஸ்ப்ரெட்ஷீட்தான் தெரியும். கப்பல் துறையிலிருந்து 'கொற்கை' வந்தது போல, ஷட்டவுனுக்கும் ஷட்டவுனுக்கும் நடுவில் வீட்டில் சும்மா இருக்கிற யாரோ ஒருவரிடமிருந்து அது வர வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் மாதங்களே அதற்கு நல்ல தொடக்கம். தினமும் காலையில் டீக்கடைக்குப் போய், "எப்போ கெளம்பற?" என்ற கேள்விக்குப் புதிதாக ஒரு பதிலைத் தயாரிக்கிற மனிதனைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினால் போதும், மீதி தானாக வரும்.

அது வரும்வரை, பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்குகிறவனிடம் எங்கள் ஊர் "இன்னாபா ஆச்சு, இன்னா பண்ண?" என்றுதான் கேட்கும். எண்ணெய் இன்னா விலை என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.